மூடி திறந்து செய்த பூசை

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் நெருங்கி வாருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு ஒரு கடல் கதை சொல்கிறேன். மலையில் இருக்கிறவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் கடல் போத்தலுக்குள் அடைபட்டு, பஸ் ஏறி, நம்ம பதுளை மலைக்கே வந்துவிடுகிறது. வந்த இடத்தில் அதற்கு ஒரு பூசையும் நடந்துவிடுகிறது. அந்தப் பூசையால் வந்த வம்பைத்தான் சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாம், நன்றாகத்தான் முடியும்.

பதுளையிலிருந்து மேலே ஏறுகிற பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக நிற்கிற இடம் ஊசிமலைத் தோட்டம். அங்கே நல்லையா என்று ஒருவர். தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியைக் காலமெல்லாம் ஓட்டிவிட்டு, இப்போது வீட்டில் இருக்கிறார். லொறி போய்விட்டாலும் லொறிக்காரருடைய பழக்கம் இரண்டு அவரை விட்டுப் போகவில்லை. ஒன்று, எதை மூடினாலும் லொறிச் சில்லு நட்டை இறுக்குகிற மாதிரி இறுக்குவார். தைலச் சீசாவை அவர் மூடினால் பிறகு தலைவலிக்காரருக்குக் கைவலியும் சேர்ந்துகொள்ளும். மற்றது ஆயுத பூசை. எல்லாரும் வண்டிக்கு வெளியே மாலை போட்டுச் சந்தனம் தெளிப்பார்கள். நல்லையா பொனட்டைத் திறந்து வைத்துத்தான் கற்பூரம் காட்டுவார்.

"மூடி வெச்சுப் பூச பண்ணா தகரத்துக்குத்தான் பூச. எஞ்சினுக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்பார்.

அவர் லொறி மலைப்பாதையில் ஒருநாளும் வழியில் நின்றதில்லை. ஆகையால் அவரோடு யாரும் வாதாடப் போகவில்லை.

அவர் மனைவி பாக்கியலெட்சுமி. ஒரே மகள் நிரஞ்சலா. மகள் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில், நம்ம பேச்சில் கெம்பஸில், படித்து, மேற்படிப்புக்குக் கடல் தண்ணீரை எடுத்துக்கொண்டாள். ஊசிமலையில் பிறந்தவள் கடலைப் படிக்கிறாள் என்றதும் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் சிரிப்பு. "மீன் பிடிக்கவா படிக்குது புள்ள?" என்று கேட்டவர்களும் உண்டு. அவள் பிடிக்கப் போனது மீனைவிடச் சின்னது.

மண்ணிலே அருமண் உலோகங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். பேர்தான் அருமண், நாம் மிதிக்கிற மண்ணிலேயே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அவளே ஒருதடவை எனக்கு விளங்கச் சொன்னாள். "நம்ம லயத்துக் காம்பரா மாதிரி நெனச்சுக்கங்க. வரிசையா அடுத்தடுத்து இருக்கும். ஒண்ணு மாதிரியே ஒண்ணு. எந்தக் கதவு யாரு கதவுன்னு வெளியாளுக்குத் தெரியாது." மழை பெய்தால் நம்ம மலைச் சரிவு மண் பதுளு ஓயாவில் இறங்கும், ஓயா மகாவலியில் சேரும், மகாவலி திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழும். ஆற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீரைத் தொட்டதும், அதுவரை கலங்கலாக மிதந்து வந்த நுண்ணிய தூள் எல்லாம், எலுமிச்சம்பழம் பிழிந்த பால் மாதிரி திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். அருமண்ணில் பெரும்பங்கு அதோடு ஒட்டிக்கொண்டு சேற்றுக்குப் போய்விடும். மிச்சம் கொஞ்சம்தான் கடலுக்குள் போகிறது.

அப்படிப் போகிறதிலும் இரண்டாம் காம்பராக்காரன் ஒருவன் இருக்கிறான். செரியம் என்று பேர். மற்றவர்கள் எல்லாம் பேசாமல் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்க, இவன் மட்டும் தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு, போகிற வருகிற தூளில் தொற்றி அடிக்கு இறங்கிவிடுவான். அதனால் கடல் தண்ணீரை எங்கே அள்ளிப் பார்த்தாலும் அனேகமாக அந்த ஒரு காம்பராதான் காலியாகக் கிடக்கும். நம்ம மலை மண் குடாவில் வந்து சேரும்போது அந்தக் காம்பரா எந்த இடத்தில் காலியாகத் தொடங்குகிறது என்பதுதான் நிரஞ்சலா தேடிய விசயம்.

இவளுக்குப் படிப்பித்தவர் ஷஹீலா மேடம். பண்டாரவளையில் புடவைக்கடைக்காரர் வீட்டுப் பெண். நல்ல மனம், நறுக்கென்ற பேச்சு. ஆய்வுகூடத்துக்கு, அவர் பேச்சில் லெப்புக்கு, அவர் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. "போத்தல் கடல்ல இருந்து நேரா லெப்புக்கு வரணும் மகள். நடுவுல எங்கயும் இறங்கக் கூடாது."

நிரஞ்சலா இறங்கினாள். அங்கேதான் கதை தொடங்குகிறது.

திருகோணமலையிலிருந்து அவள் புறப்பட்ட நாளுக்கு மறுநாள் ஆயுத பூசை. கொஞ்சம் சுற்றிப் போனால் பதுளை. பதுளைக்கு மேலே வீடு. வீட்டிலே அம்மா கடலைச் சுண்டல் தாளிக்கிற வாசம் மகியங்கனையிலேயே மூக்கில் அடித்ததாம் அவளுக்கு. இரண்டு ராத்திரிதானே என்று, மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற மாதிரி வெள்ளை ரெஜிபோம் பெட்டியோடு ஊசிமலைக்கு வந்துவிட்டாள். பெட்டிக்குள்ளே இரண்டு வரிசையாகப் போத்தல்கள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பொலித்தீன் பைக்குள்.

பூசை நாளில் நல்லையா தன் பழைய சாவிக்கொத்து, ஸ்பேனர், பாக்கியலெட்சுமியின் கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

"ஒன் ஆயுதம் எங்க புள்ள?" என்றார்.

"எனக்கென்னப்பா ஆயுதம். இந்தப் பெட்டிதான்."

"அப்ப அதையும் வை. கடல் தாயி முதல்முதலா நம்ம வீட்டுக்கு வந்திருக்கு."

அவளும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லவேண்டும் என அவளுக்குத் தோன்றவில்லை. கடல் தண்ணீரை யார் திறப்பார்கள்? குளித்துவிட்டு வந்தபோது பூசை முடிந்திருந்தது. பெட்டி மேலே அழகாக ஒரு சந்தனப் பொட்டு. சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி, விடியக்காலை பஸ்ஸில் போய்விட்டாள்.

கெம்பஸில் போத்தலைத் திறக்கும்போதே ஒரு கூத்து. ஆய்வுகூட உதவியாளர் ரமேஸ் மூடியைத் திருகினார். அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"என்ன நிரஞ்சி, வெல்டிங் வெச்சு மூடிட்டு வந்தீங்களா?"

"நான் சாதாரணமாத்தான் மூடுனேன். நீங்க காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?"

முன்வரிசைப் போத்தல்கள்தான் அப்படி. பின்வரிசை லேசாகத் திறந்துகொண்டது. பை அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்ததால், படகில் வரும்போது உப்புப் பிடித்திருக்கும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, தண்ணீரில் உள்ள உலோகத்தை அளக்கிற இயந்திரத்தின் முடிவு வந்தது. ஷஹீலா மேடம் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார்.

"இங்க பாருங்க மகள். செரியம் குழியா இருக்கவேண்டிய இடத்துல மலையா நிக்கிது."

நிரஞ்சலா குனிந்து பார்த்தாள். முன்வரிசையில் இருந்ததெல்லாம் அப்படித்தான். இரண்டாம் காம்பரா நிறைந்து வழிந்தது.

"அடிச் சேறு கலந்திருக்குமோ மேடம்?"

"சேறு கலந்தா எல்லாரும் சேர்ந்துதான் கூடுவாங்க. இதுல செரியம், அதுக்குப் பக்கத்துல இருக்கிற லந்தனம், கூட இரும்பு. மத்தவங்க இந்த அளவுக்குக் கூடல்லயே. கடல் இப்பிடிச் செய்யாது. ஒரு ஆள் செஞ்ச வேலை இது. போத்தல் கழுவினது யாரு?"

"நான்தான். அசிட்ல ஊறப் போட்டுத்தான் கழுவுனேன், மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாசியில கடல் அடங்கினதும் திரும்பப் படகு போகுது. அதுல எனக்குத் தந்திருக்கிறது ஒரே ஒரு இடம். நீங்க கவனமில்லாத புள்ள இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா மேல கேக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது? தீபாவளிப் பெருநாள் முடிஞ்சு வரக்குள்ள காரணத்தோட வாங்க. காரணம் இல்லாட்டி வேற ஆளைத்தான் அனுப்பணும்."

அந்தப் படகு இல்லையென்றால் அவள் படிப்பு அங்கேயே நின்றுவிடும். குடாத் தண்ணீர் கையில் இல்லாமல் எதை எழுதுவாள்? அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டுதான் பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாள். அதிரசத்தை எடுத்து, ஓரத்தைக் கடித்து, தட்டிலேயே வைத்துவிட்டாள். பாக்கியலெட்சுமிக்கு அது போதும்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா. தண்ணி சொல்லுது." நடந்ததைச் சொன்னாள். பதுளை விளையாட்டு மைதானம் அளவுக்கு ஒரு குளம் வெட்டி, அதில் ஒரு சீனி மணியைப் போட்டுக் கலக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் கடலில் செரியம் இருக்குமாம். ஒரு தூசி பட்டாலும் கணக்குப் பிழைத்துவிடும். அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை.

நல்லையா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த மேடம் நம்ம புள்ளயத் தெரியாம பேசுது," என்றார். "இவ சின்னதுல எச்சித் தண்ணி பட்ட கோப்பையக்கூடத் தொடமாட்டா."

மறுநாள் தீபாவளி. எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டும். பாக்கியலெட்சுமி நல்லெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்தாள். திருகினாள். சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகினாள். பிறகு போத்தலை வாசலுக்கே கொண்டுவந்து புருசன் முன்னால் நீட்டினாள்.

"ஏங்க, இத நேத்து மூடுனது நீங்கதானே? எண்ணெய்தான் இருக்கு உள்ள. பூதம் இல்ல. இப்படி இறுக்கி வெச்சா வருசா வருசம் நரகாசுரன்தான் வந்து தொறந்து குடுக்கணும்."

"லூசா மூடுனா ஒழுகும், பாக்கியம்."

"ஒழுகுனாலும் பரவால்ல, தலையிலயாச்சும் ஒழுகும்."

நிரஞ்சலா சிரிக்கத் தொடங்கியவள் பாதியிலே நிறுத்திவிட்டாள். ரமேஸின் சிவந்த முகம் கண்ணுக்குள் வந்தது. முன்வரிசை. திறக்க முடியாமல் போனதெல்லாம் முன்வரிசை. செரியம் வழிந்ததெல்லாம் அதே முன்வரிசை.

"அப்பா," என்றாள் மெதுவாக. "ஆயுத பூசையன்னைக்கு என் பெட்டியத் தொறந்தீங்களா?"

நல்லையா மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார்.

"பெட்டிய மட்டுந்தான்..."

"போத்தல?"

"மூடி மேல பூச பண்ணா தண்ணிக்கு எப்படிப் போய்ச் சேரும், புள்ள? முன்னுக்கு இருந்தத மட்டும் தொறந்தேன். பின்னுக்கு உள்ளதத் தொறக்கப் போகக்குள்ள ஒங்கம்மா சுண்டல் எறக்கக் கூப்பிட்டுட்டா. எல்லாத்தையும் திரும்ப ஒழுங்கா, பையில போட்டு..."

"இறுக்கி மூடிட்டீங்க."

"ஒரு சொட்டு ஒழுகி இருக்காதே?"

பாக்கியலெட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "கடலுக்கே பொனட்டத் தொறந்திருக்காரு இந்த மனுசன்."

"உள்ள என்னப்பா போட்டீங்க? சந்தனம்? விபூதி?"

"ஐயோ, ஒண்ணும் போடல. சாமி சத்தியமா. கற்பூரத் தட்ட மேலால காட்டுனேன், அவ்வளவுதான்."

நிரஞ்சலா யோசித்தாள். கற்பூரத்தில் செரியம் கிடையாது. புகையில் இரும்பு கிடையாது. "எதுல பத்த வெச்சீங்க?"

"அன்னைக்குப் பனி. நெருப்புப்பெட்டி நமுத்துப் போச்சு. அதான் லைட்டர்ல." அவர் சட்டைப் பையிலிருந்து பச்சை நிற லைட்டரை எடுத்தார். "தட்ட கையில வெச்சுக்கிட்டே அடிச்சேன். காத்து வேற. பத்தவே இல்ல. கட்ட விரல் தேஞ்சு போச்சு."

"போத்தலுக்கு மேலயா அடிச்சீங்க?"

"வேற எங்க அடிப்பேன், தட்டு அங்கதானே இருக்கு?"

அவள் லைட்டரை வாங்கி, வெள்ளைக் காகிதத்துக்கு மேலே பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினாள். பொறி பறந்தது. காகிதத்தில் மிளகாய்த் தூளைவிட நைசாகக் கறுப்புப் பொடி விழுந்திருந்தது. அந்தச் சக்கரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது கல்லே இல்லை. செரியமும் லந்தனமும் இரும்பும் சேர்த்து உருக்கிய உலோகம். உரசினால் தீப்பிடிக்கிற குணம் செரியத்துக்கு உண்டு. கடலிலே காற்றோடு சேர்ந்து ஓடிப்போகிற அதே ஆள், லைட்டரிலே காற்றோடு சேர்ந்து பொறியாகப் பறக்கிறான். நிரஞ்சலா இதை முதல் வருசமே படித்திருக்கிறாள். அப்பாவின் சட்டைப் பைக்குள் தேடத்தான் தெரியவில்லை.

சந்தோசத்தில் கத்திவிட நினைத்தவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், போத்தலோடு வீட்டுக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். மேடம் போட்ட ஒரே சட்டத்தை அவள் மீறியிருக்கிறாள். கவனக்குறைவு என்று சந்தேகத்தில் இருந்தது இனி நிச்சயமாகிவிடும்.

நல்லையாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "புள்ள, கெம்பஸ்ல யாரோ தொறந்துட்டாங்கன்னு..."

"ரமேஸ் அண்ணன் மேல போடச் சொல்றீங்களா?"

"இல்ல இல்ல." அவர் பிடரியைச் சொறிந்தார். "அவரு பாவம், மூடி தொறக்கவே கஷ்டப்பட்டிருக்காரு."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் போனை எடுத்து மேடத்துக்கு அடித்தாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சுண்டலைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் கேட்டார்.

"நேரா லெப்புக்கு வரச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"வந்து ஏச்சு வாங்கிக்கங்க. அந்த லைட்டரைக் கொண்டு வாங்க. அதோட வாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

நல்லையாவுக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. பொலிசுக்குக் கூப்பிட்ட மாதிரி, வெளுத்த வேட்டி சட்டையோடு கெம்பஸுக்குப் போனார். கையிலே தேங்காய், பழம், கற்பூரம். லைட்டர் மட்டும் மகளிடம் பைக்குள்.

ஷஹீலா மேடம் வாசலுக்கே வந்தார். "வாங்க ஐயா. நீங்க அன்னைக்குச் செஞ்ச பூசைய இன்னொருக்கா செய்யணும். இல்லாட்டி லைட்டர்தான் காரணம்னு நாங்க எப்பிடிச் சொல்றது?"

"இங்கயா, மேடம்?"

"லெப்புக்குள்ள அந்த லைட்டர் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. வெளிய விறாந்தையில."

விறாந்தையில் மேசை போட்டார்கள். சுத்தமான தண்ணீர் நிரப்பிய போத்தல்கள் வந்தன. ஒன்றுக்கு மேலே லைட்டர், ஒன்றுக்கு மேலே நெருப்புக்குச்சி, ஒன்று பூசையே இல்லாமல் சும்மா. நல்லையா வெறும் தண்ணீரைப் பார்த்துத் தயங்கினார்.

"வெத்துத் தண்ணிக்கு எப்படிங்க பூச செய்யறது?"

"அதுவும் படிக்கத்தான் வந்திருக்கு ஐயா," என்றார் மேடம்.

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு லைட்டரை அடித்தார். ஒரே அடியில் பற்றிக்கொண்டது. கண்டியில் அன்றைக்கு நல்ல வெயில்.

"சரி வராது," என்றார் நல்லையா தானே. "எங்க தோட்டத்துப் பனி இல்ல, காத்தும் இல்ல. இப்படிப் பத்துனா பொடி எங்கால விழும்?"

ரமேஸ் உள்ளே ஓடி மேசை விசிறியைத் தூக்கிவந்தார். கற்பூரத்தின் மேல் ஈரத்துணியைத் தடவினார். விசிறி சுழல, வேட்டி பறக்க, நல்லையா சடக் சடக் என்று அடித்துக்கொண்டே இருந்தார். கடந்து போன பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கடைசியில் கற்பூரம் பற்றியபோது யாரோ கைதட்டினார்கள். நல்லையா தேங்காயை உடைத்து எல்லாருக்கும் பங்கு வைத்தார். போத்தலை மூடப் போனவரை ரமேஸ் ஓடிவந்து தடுத்தார். "ஐயா, மூடிய மட்டும் நான் போடுறேன். நாளைக்குத் தொறக்கணும்."

இயந்திரம் சொல்லிவிட்டது. லைட்டர் காட்டிய போத்தலில் அதே மலை: செரியம், லந்தனம், இரும்பு. நெருப்புக்குச்சிப் போத்தலிலும் சும்மா இருந்த போத்தலிலும் அந்த மலை இல்லை. கெட்டுப்போன முன்வரிசையைத் தள்ளிவைத்துவிட்டு, பாக்கியலெட்சுமியின் சுண்டல் காப்பாற்றிய பின்வரிசையைப் பார்த்தார்கள். அதிலே இரண்டாம் காம்பரா, இருக்கவேண்டியபடி, ஆற்று வாயிலிருந்து விலகிப் போகப் போகக் காலியாகிக்கொண்டே போனது.

மேடம் ஏசுகிற ஏச்சையெல்லாம் ஏசி முடித்தார். பிறகு படகில் போகிற ஆளின் பேரைக் கொடுத்தார். நிரஞ்சலா தன் பேரைப் பார்த்துவிட்டு நம்பாமல் நின்றாள்.

"ஒரு தப்பு எங்க நடந்ததுன்னு கடைசி வரைக்கும் போய்ப் பார்க்கிற ஆள்தான் எனக்குப் படகுல வேணும்," என்றார் மேடம். "ஆனா போத்தல் நேரா லெப்புக்கு. சுண்டல் வேணும்னா அம்மாவ இங்க அனுப்பச் சொல்லுங்க. எனக்கும் சேர்த்து."

மாசியில் கடல் அடங்கியது. மகளை வழியனுப்ப நல்லையாவும் பாக்கியலெட்சுமியும் குடாக் கரைக்குப் போனார்கள். ஆறு கலக்கிற இடத்தில் தண்ணீர் பழுப்பாக இருந்தது. நல்லையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"இதுல நம்ம ஊசிமலை மண்ணு இருக்கா, புள்ள?"

"ஒரு சிட்டிகையாவது இருக்கும்ப்பா."

"பாரு பாக்கியம், நாம இன்னைக்குத்தான் வாரோம். மண்ணு நமக்கு முந்தியே வந்து உக்காந்திருச்சு."

"அதுக்குப் பனியில நெருப்புப்பெட்டி நமுத்துப் போற பிரச்சின இல்லையே," என்றாள் அவள்.

நல்லையா புது நெருப்புப்பெட்டி ஒன்றைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். படகின் முன்முனைக்கு மட்டும் கற்பூரம் காட்டினார். இந்தத் தடவை பெட்டிக்குப் பூட்டு; அதன் சாவி நிரஞ்சலாவின் கழுத்தில் தொங்கியது. அவர் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடி தொறக்காம தண்ணிக்கு எப்படிப் போய்ச் சேரும்னுதான் இன்னமும் மனசு கேக்குது."

"சாமிக்கு ஒரு மூடி பெரிய தடையாப்பா?"

"இல்லதான்," என்றார். "அப்ப இத்தன வருசம் நான் பொனட்டத் தொறந்தது சும்மாவா?"

"எஞ்சினுக்குக் காத்துப் பட்டிருக்கும்," என்றாள் பாக்கியலெட்சுமி. படகுக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். படகு அந்தச் சிரிப்போடு பழுப்புத் தண்ணீரைத் தாண்டி நீலத்துக்குள் போனது.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்து போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் நெருப்புப்பெட்டி நமுக்காமல் இருக்கட்டும், எண்ணெய்ப் போத்தல் கேட்டதும் திறந்துகொள்ளட்டும். அடுப்பில் எப்போதும் ஒரு பிடி சுண்டல் கூடுதலாக வேகட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கடலுக்குப் போனாலும், நடந்ததை நடந்தபடி சொல்லிச் சிரிக்க ஒரு வாசற்படி அவர்களுக்காகக் காத்திருக்கட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள், என் செல்லங்களே.